மலைக்கு இந்தப் பக்கம்

எங்கள் ஊருக்கு மலை வருஷத்தில் சில நாட்கள்தான் தெரியும். மற்ற நாட்களில் மேற்கே புழுதியும் வெயிலும்தான். ஐப்பசியில் இரண்டு மழை பெய்து, காற்றில் கிடக்கும் தூசி அடங்கிய மறுநாள் காலையில் மச்சில் ஏறினால், வடக்கேயிருந்து தெற்கு வரைக்கும் நீலமாக நீண்டு கிடக்கும். கோவில்பட்டிக்குக் கிழக்கே, எட்டயபுரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கரிசல் ஊர் எங்களுடையது. பக்கத்தில் குருமலையும் கழுகுமலையும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் அவற்றைப் பார்த்து "இதுதான் உங்க மலையா?" என்பார்கள். எங்களுக்கு அவை குன்றுகள். மலை என்று நாங்கள் சொன்னால் அது மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும்தான்.

வடக்கு ஓரத்தில் மங்கலாகத் தெரிவது சதுரகிரி. அங்கிருந்து தெற்கே வந்தால், எங்களுக்கு ஏறக்குறைய நேர் எதிரே, சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் மேலே தேவர்மலை. அதற்குத் தெற்கே வரிசை பொசுக்கென்று இறங்கிவிடும். அதுதான் செங்கோட்டைக் கணவாய், ரயிலும் ரோடும் கேரளாவுக்குள் போகிற வழி. கணவாயைத் தாண்டியதும் குற்றால மலை எழும்பும். அதற்கும் தெற்கே கூம்பாகத் தூக்கிக்கொண்டு நிற்பது பொதிகை. கடைசியில் இருக்கிற மகேந்திரகிரி ஒரு நாளும் எங்கள் கண்ணுக்கு அகப்பட்டதில்லை. எல்லாவற்றையும்விட உயரமான ஆனைமுடியும் அப்படித்தான், வடக்கே வெகுதூரத்தில் கேரளாவுக்குள் இருக்கிறது. அந்த இரண்டையும் நான் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய படத்தில்தான் பார்த்தேன்.

பொதிகையில் பிறக்கிற தாமிரபரணி திருநெல்வேலிக்குப் போகிறது. எங்கள் பக்கத்துக்கென்று மலை அனுப்பிய ஆறு வைப்பாறு. அதை விளாத்திகுளத்தில் போய்ப் பாருங்கள். மணல் இருக்கும், சீமைக்கருவேல மரம் இருக்கும். ஆறு என்று போர்டும் இருக்கும்.

ஆனி, ஆடியில் மலையின் மேல் மேகம் ஏறி உட்காரும். மறுபக்கம் கேரளாவில் கொட்டித் தீர்க்கும். எங்களுக்குக் காற்று மட்டும் வரும். கணவாய் வழியாகப் புகுந்து, கயத்தாறு காற்றாடிகளைச் சுற்றிவிட்டு, மிச்சத்துக்கு எங்கள் ஊருக்கு வந்து கொடியில் கிடக்கும் சேலையைப் பக்கத்துத் தெருவில் போடும். அந்தக் காற்றில் ஈரத்தின் குளிர்ச்சி இருக்கும், ஈரம் இருக்காது. அப்பா வருஷம் தவறாமல் மேற்கே பார்த்து ஒன்றையே சொல்வார்.

"அவனுக்குப் பொழியுது. நமக்கு விசிறி விடுது."

வேடிக்கை என்னவென்றால், எங்கள் மழைக்கும் அந்த மலைக்கும் சம்பந்தமே கிடையாது. எங்களுக்கு மழை கிழக்கேயிருந்து, கடலிலிருந்து வருவது. புரட்டாசிக் கடைசியில் வெறும் புழுதியில் உளுந்தையும் பருத்தியையும் விதைத்துப் போட்டுவிட்டு அந்த மேகத்துக்காகத்தான் காத்துக் கிடப்போம். ஆனால் கிழக்கே பார்த்து ஏங்கிய ஓர் ஆளை நான் எங்கள் ஊரில் கண்டதில்லை. எல்லாருக்கும் ஆசை மேற்கேதான். மலையடிவாரம் என்றால் ஓடையில் தண்ணீர், எலுமிச்சைத் தோப்பு, மூன்று வேளையும் நெல்லுச்சோறு என்று ஊர் முழுக்க நம்பியது.

அந்த நம்பிக்கையிலிருந்து ஒரு வழக்கமும் முளைத்திருந்தது. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். பெண்ணை அடிவாரத்து ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டால், அவளுக்குக் காட்டில் பங்கு கிடையாது. "பொண்ணத் தண்ணியில குடுத்தாச்சு" என்பார்கள். தண்ணீர்தான் அவள் பங்கு. கேட்பதற்கு எவ்வளவு தாராளமாக இருக்கிறது பாருங்கள். அடுத்தவன் ஊரில் ஓடுகிற தண்ணீரைத் தன் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்க எங்கள் ஆட்களால்தான் முடியும்.

எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் சித்திரையில்தான் வருவார்கள். வந்ததும் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள், கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். கோடையில் தண்ணீர் கிடந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அந்த எச்சரிக்கை எங்கள் ஆட்களுக்கும் ரத்தத்தில் ஊறியதுதான். ஆனால் எனக்கு மாப்பிள்ளை பார்க்க அப்பா அடிவாரத்துக்குப் போனது கார்த்திகையில். ஓடை சுழித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கிணற்றில் கையால் மொள்ளலாம் என்கிற அளவுக்குத் தண்ணீர். தோப்பில் எலுமிச்சை மஞ்சள் மஞ்சளாகக் கிடந்திருக்கிறது. அவர் சித்திரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. சித்திரை என்பது கரிசலுக்கு மட்டும் வருகிற மாதம் என்று நினைத்துவிட்டார்.

கல்யாணத்தன்று சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த சபையில் அவர் எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ஏம் மகளுக்குக் காட்டுல பங்கு கிடையாது. அவ பங்கத் தண்ணியாக் குடுத்துட்டேன்."

சபை சிரித்துத் தலையாட்டியது. என் அண்ணன் பந்தல் காலில் சாய்ந்து நின்று எல்லாரையும்விட அதிகமாகத் தலையாட்டினான். எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மச்சில் ஏறி எட்டிப் பார்த்த மலைக்குப் பக்கத்திலேயே குடி போகப் போகிறோம் என்று சந்தோஷமாகக் காரில் ஏறினேன்.

போன மறுநாள் மலையைத் தேடினேன். காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு ஏறிக்கொண்டு நின்றது. மேலே பாறை, அதற்கு மேலே வானம். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அவ்வளவு உயரமாக நிற்கிற உச்சி, முன்னால் இருக்கும் சிறு மலைக்குப் பின்னால் ஒளிந்துவிட்டது.

"தேவர்மல எங்க இருக்கு?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இந்தா, முன்னால நிக்குல்லா."

"இது சரிவுல்லா. உச்சி எங்க?"

"உச்சியப் பாத்து என்ன செய்யப்போற? மொதல்ல போய்த் தண்ணி எடுத்துட்டு வா. குழாய்ல நின்னுரும்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஓடைத் தண்ணீரில் மேலே இருக்கிற தோப்புக்காரர்களுக்கு முதல் முறை. எங்கள் தோப்பு கடைசியில். தை முடியும்போது ஓடை கூழாங்கல் ஆகிவிடும். பங்குனியில் கிணறும் கைவிட்டுவிடும். சித்திரையில் எலுமிச்சை இலை சுருண்டு போய் நிற்கும். ஆனி பிறந்ததும் மேகம் வரும், உச்சிமேல் குவியும், எங்கள் தலைக்கு மேலேயே உறுமும். இரண்டு தூறல் போட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கிவிடும். கேரளாவின் பெரிய ஆறான பெரியாறு எங்களுக்கு மேலே அந்த மலைகளில்தான் பிறக்கிறது என்று பாடப் புத்தகம் சொல்கிறது. பிறந்ததும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போய்விடுகிறது.

அந்த ஊர்த் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் சமூக அறிவியல் நடத்தினேன். மழை மறைவுப் பகுதி என்று ஒரு பாடம். மலையின் ஒரு பக்கம் காற்று ஏறி, குளிர்ந்து, பெய்துவிடும். மறுபக்கம் வறண்டு இறங்கும். கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, இடப்பக்கம் கோடுகோடாக மழை போட்டு, வலப்பக்கத்தைச் சும்மா விட்டால் படம் முடிந்தது. நான் ஒவ்வொரு வருஷமும் அந்தச் சும்மா விட்ட பக்கத்தில் நின்றுகொண்டுதான் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் அதைக் கேள்விக்கு விடையாக எழுதி மதிப்பெண் வாங்கினார்கள்.

போர் போட்டோம், காற்று வந்தது. இன்னும் ஆழமாகப் போட்டோம். போர் போட என் வீட்டுக்காரர் தோப்பை ஓரத்திலிருந்து விற்றார், விற்ற பிறகு மிச்சத் தோப்புக்கு இன்னொரு போர். பன்றி வந்து வேரைக் கிளறும். யானை ஒரு தடவை வேலியைச் சாய்த்துவிட்டு, இருந்த நாலு தென்னையின் குருத்தையும் தின்றுவிட்டுப் போனது. அதுவும் தண்ணீர் தேடித்தான் இறங்கியிருக்கும். யாரை நோவது.

இதையெல்லாம் நான் வீட்டில் சொல்லாமல் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அங்கே தண்ணீர் இல்லை, கரிசல் மாதிரியேதான் என்று சொன்னேன். அம்மா கண்ணைச் சிமிட்டுவாள்.

"நல்லா இருக்கோம்னு சொன்னாக் கண்ணு பட்டுரும்னு மறைக்கியாக்கும். மறச்சுக்கோ, மறச்சுக்கோ. நல்லதுதான்."

என் வீட்டுக்காரரின் கவுரவமும் அதற்கு ஒத்து ஊதியது. மாமனார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று, புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் சாக்கில் வாங்கிப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார். எங்கள் தோப்புக் காய் என்று சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். அம்மா அதைத் தெருவுக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். நான் வாயால் சொன்ன உண்மையை அந்தச் சாக்கு அடித்துத் தள்ளிவிட்டது.

அப்பா போய்ச் சேர்ந்தார். எழுதி வைக்கவெல்லாம் இல்லை. சபையில் சொன்னதே போதும் என்று இருந்திருப்பார். சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரரும் நெஞ்சு வலி என்று படுத்து எழுந்திருக்கவில்லை. தோப்பு அதற்கு முன்னாலேயே கைவிட்டுப் போயிருந்தது. குடியிருந்த வீடு அவர் தம்பிகளோடு பொது. அங்கே என்னை யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மகள் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அவள் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்க எனக்கு மனசில்லை.

கோவில்பட்டிக்கு வந்தேன். ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்து, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து வருகிறேன். இங்கே குழாயில் தாமிரபரணித் தண்ணீர் வருகிறது, சீவலப்பேரியிலிருந்து. நாலைந்து நாளைக்கு ஒரு தடவைதான், ஆனால் வருகிறது. மலையடிவாரத்தில் இருந்த வருஷங்களில் எனக்குக் கிடைக்காத மலைத் தண்ணீர், கரிசலுக்குத் திரும்பி வந்து பிளாஸ்டிக் குடத்தில் கிடைக்கிறது. முதல் நாள் அதைப் பிடித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அண்ணனிடம் பங்கு கேட்டேன். முழுப் பங்குகூட இல்லை. காட்டில் ரோட்டோரமாக ஒரு மூலை. ஒரு அறையும் அடுப்படியும் போட்டுக்கொண்டு என் கட்டை வேகும்வரை அங்கே கிடக்கிறேன் என்றேன்.

"ஒனக்குத்தான் தண்ணியிலயே குடுத்தாச்சே," என்றான்.

"எந்தத் தண்ணியண்ணே?"

"மூட்ட மூட்டையா எலுமிச்சம்பழம் வந்துச்சே, அது எந்தத் தண்ணியில காச்சது? அப்பா சபையில சொன்னாவ. நீயும் பக்கத்துலதான நின்ன. அன்னைக்கு வாயத் தொறக்கல, இன்னைக்கு வந்து நிக்க."

அவன் அறியாமல் பேசவில்லை. அறிந்துகொள்ளாமல் இருப்பது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் கோர்ட்டுக்குப் போக மாட்டேன் என்பதும் அவனுக்குத் தெரியும். அதோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டதுக்குப் போனால் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம்.

பிறகு சோலார் கம்பெனி வந்தது. எங்கள் காட்டைச் சுற்றி எல்லாருமே குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். உளுந்து நின்ற இடத்தில் கண்ணாடிப் பலகை வெயிலைக் குடித்துக்கொண்டு நிற்கிறது. அண்ணனும் விட முடிவு செய்தான். கம்பெனி வக்கீல் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, தங்கச்சியும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா கைநாட்டு வைத்தாயிற்று. நான் ஒருத்திதான் பாக்கி.

நான் கோவில்பட்டிக்கு வந்தபிறகு அண்ணன் முதல் தடவையாக என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். அம்மாவையும் கூட்டி வந்திருந்தான். அவளுக்கு எண்பதை ஒட்டிய வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒம் பங்கு ஒனக்கு வந்து சேந்துட்டுன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்," என்றான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "போடுதேன். அதுக்கு முன்னால எம் பங்க ரெண்டு பேரும் வந்து ஒருதடவ பாருங்க. இப்ப சித்திரதான். காருலதான வந்திருக்கீங்க? இப்பவே போவோம்."

கழுகுமலை, சங்கரன்கோவில் வழியாகப் போனோம். மலை கிட்ட வரவர அம்மா முன் கண்ணாடியில் குனிந்து குனிந்து பார்த்தாள். அவள் தோப்புப் பக்கம் வந்ததே கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்த அந்த ஒரு தடவைதான். அதுவும் தை பிறந்த கையோடு.

தோப்பு இப்போது யாருக்கோ சொந்தம். அவரும் போட்டது போட்டபடி விட்டிருந்தார். எலுமிச்சை மரங்கள் அடிமூட்டோடு கருகி நின்றன. ஓடையில் கல்லும் பாட்டிலும் கிடந்தன. அம்மாவைக் கைத்தாங்கலாகக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கரிசல்காரி பார்க்கிற பார்வை அது, ஏமாற்ற முடியாது. ஊற்று எங்கே இருந்தது, எந்த உயரம் வரைக்கும் தண்ணீர் கறை இருக்கிறது, அது எத்தனை நாளைக்கு முன்னால் காய்ந்தது என்று பார்த்தாள். அந்தக் கிணற்றின் அடியில் அரசங்கன்று ஒன்று மரமாகி நின்றது.

"இது எத்தன வருசமா இப்பிடிக் கெடக்கு?"

"மொதச் சித்திரையில இருந்தே தண்ணி நிக்காதும்மா. மரம் பெறவு மொளச்சது."

"ஏண்ட்டி இத எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன். நீதான் கண்ணுபடும்னு நான் மறைக்கேன்னு சொன்ன."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த நிமிஷம் ஜெயித்த மாதிரி இருந்தது. அப்பா போட்ட முடிச்சை அம்மா அவிழ்த்துவிடுவாள் என்று உறுதியாக நம்பினேன். அண்ணன் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். கிணற்றுப் பக்கம் அவன் வரவே இல்லை.

திரும்பும்போது சங்கரன்கோவில் தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ பட்டது பாவந்தான் தாயி. நான் கண்ணால பாத்துட்டேன்," என்றாள். கொஞ்ச நேரம் என் விரல்களைத் தடவினாள். "ஆனா கையெழுத்துப் போட்டுரு. ஒனக்கு அங்கன தண்ணி இல்லன்னா அவன் என்ன செய்வான்? இவ்வளவு நாளும் எனக்குக் கஞ்சி ஊத்துனது அவந்தான."

நான் கையை உருவிக்கொண்டேன். உண்மை தெரியாததால்தான் அவள் அவன் பக்கம் நிற்கிறாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். தெரிந்த பிறகும் அவள் அங்கேயேதான் நின்றாள். அந்த வறண்ட கிணற்றைவிட அதுதான் எனக்கு வலித்தது.

"போட மாட்டேன்," என்றேன்.

அண்ணன் காரின் வேகத்தைக் கூட்டினான். கோவில்பட்டியில் என் வீட்டு முன்னால் நிறுத்தி, இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தான். உள்ளே அம்மாவின் துணிப் பை இருந்தது. சேலை, மாத்திரை, சாம்பல் நிறப் போர்வை, எல்லாம் அடுக்கி வைத்த பை. காலையில் கிளம்பும்போதே கட்டி வைத்திருக்கிறான். அதை என் வாசலில் வைத்தான்.

"பங்கு பங்குன்னு கேட்டேல்லா. அம்மையும் பங்குதான். ஒம் பங்க நீ வச்சுக்கோ."

அம்மா, "ஏலே, ஏலே," என்று கூப்பிட்டுக்கொண்டே காருக்குள் திரும்ப ஏறப் பார்த்தாள். அவன் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒரு ஐப்பசி வந்து போய்விட்டது. கையெழுத்து நான் போடவில்லை, காட்டில் எதுவும் விதைக்கவும் இல்லை. கம்பெனிக்காரர்கள் எங்கள் காட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றி வேலி போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். அம்மாவுக்குச் சோறு பொங்குகிறேன், கால் பிடித்து விடுகிறேன், மாத்திரை கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், "மக வீட்டுக்கு வந்திருக்கேன், பய இன்னைக்கு நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போயிருவான்" என்கிறாள். சேலைகளை அலமாரியில் எடுத்து வைக்கிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அந்தப் பையை அவிழ்க்க அவள் இன்னும் விடவில்லை.